ஜெவ்தத்தின் மீசையும் ரெஃபிக்கின் ஹேசல் புதரும்

புதரில் ஒரு கொட்டைகூட இல்லை.

ரெஃபிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். இலை இருந்தது, கிளை இருந்தது, கிளையில் ஏறும் எறும்புகூட இருந்தது. நேற்று மத்தியானம் வரை பச்சை மடலுக்குள் கொத்துக் கொத்தாகப் பழுத்து நின்ற ஹேசல் கொட்டைகளை மட்டும் காணோம். முழங்காலிட்டுத் தரையில் தேடினார். உதிர்ந்த மடல் ஒன்றும் ஒடிந்த குச்சிகள் இரண்டும்தான் கிடைத்தன.

"ஏங்க, காலங்காத்தால அங்க என்ன தேடுறீங்க?" சமையலறைக்குள்ளிருந்து நாஜியேவின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. களை புடுங்குறேன்."

"நல்லா புடுங்குங்க. நாளைக்கு அங்கதான கருங்கோஸ் கீரை நாத்து வெக்கப் போறேன்."

இன்று வியாழன். நாளை வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஜெவ்தத் வந்துவிடுவார். நாஜியேவின் அண்ணன் அவர். ஊருக்கு மேலே மலைச்சரிவு முழுக்க ஹேசல் தோப்பு வைத்திருப்பவர். அதைவிடப் பெரிதாக மீசை வைத்திருப்பவர்.

துருக்கியின் கருங்கடல் கரையில், கிரேசுன் பக்கத்தில், ஒருவனுக்குப் படிப்பு வராவிட்டால் ஊர் பொறுத்துக்கொள்ளும். ஹேசல் வராவிட்டால் பொறுக்காது. ரெஃபிக் பாவம், ஹேசல் விளையாத உள்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். தபால் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வு பெற்ற அன்று ஜெவ்தத் தன் தோப்பிலிருந்து வேரோடு பெயர்த்த நாலு பக்கக்கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வெச்சுப் பாருங்க மாப்ள. ஆனா இதுல முத்திரை குத்தினா காய்க்காது," என்றார்.

ரெஃபிக் எங்கள் பக்கத்து வழக்கப்படி நாலையும் வட்டமாக, அடுப்புக்குக் கல் கூட்டுவது போல நட்டார். அவை ஒன்றாகச் சேர்ந்து பெரிய புதராயின. அடியிலிருந்து கிளம்பும் கன்றுகளை வெட்டினார். எரு போட்டார். வருஷங்கள் போயின. இலை வந்ததே தவிரக் காய் வரவில்லை. பொது இடத்தில் யாராவது "ஹேசல்" என்றாலே ஜெவ்தத் மீசையை முறுக்கிக்கொண்டு ரெஃபிக்கைப் பார்ப்பார். நாஜியேவுக்கோ அந்த மூலையில் கருங்கோஸ் போட வேண்டுமென்று நெடுநாள் ஆசை.

இந்தக் குளிர்காலத்தில்தான் ரெஃபிக்குக்கு விஷயம் பிடிபட்டது. ஒரே சாதிப் புதர்கள் தமக்குள்ளேயே கலந்து காய்க்காதாம்; வேறு சாதியின் மகரந்தம் வேண்டுமாம். சாலையோரக் காட்டு ஹேசலிலிருந்து மஞ்சள் குஞ்சம் தொங்கும் கிளைகளை ஒடித்து வந்து, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பது போலத் தன் புதரின் மேல் உதறினார். பக்கத்துக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் மஞ்சளாகி, நாஜியே இரண்டு நாள் பேசவில்லை. புதர் பேசியது. கோடையில் கிளைக்குக் கிளை காய்.

அந்தச் சந்தோஷத்தில் பெருநாள் விருந்தன்று வாயை விட்டார். "மச்சான், இந்த வருஷம் என் புதர் காய்ச்சிருக்கு."

"எத்தன? மூணா, நாலா?"

"ஒரு குண்டான் நிறைய வரும்."

ஜெவ்தத் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றார். "நாஜியேவோட செம்புக் குண்டான் நிறைஞ்சா இந்த மீசைய எடுத்துடறேன்."

"நிறையலேன்னா நான் புதரை எடுத்துடறேன்," என்றாள் நாஜியே. இந்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் அளப்பது என்று நாள் குறித்தார்கள்; பக்கத்து வீட்டு முடிதிருத்துபவர் ஹுலூசி சாட்சி.

பிறர் எழுதிய கடிதங்களில் முத்திரை குத்தியே ஆயுளைக் கழித்த மனிதர் ரெஃபிக். அவர் கையால் உண்டான முதல் பொருள் அந்தப் புதர்தான். நேற்று மாலைகூடக் காப்பிக்கடையில் உட்கார்ந்து அதைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தார். நாஜியே பக்கத்துத் தெருவில் மருதாணி விருந்துக்குப் போயிருந்தாள். ஜெவ்தத் காப்பிக்கடைக்கே வரவில்லை. "மீசைய நினைச்சு வீட்டுல அழுதுகிட்டிருப்பாரு," என்று ரெஃபிக் சொல்ல, கடையே சிரித்தது.

இப்போது அழுகை யாருக்கு என்று தெரிந்துவிட்டது. அணிலா? ஒரே நாளில் இவ்வளவையும் தின்ற அணில் இந்நேரம் வெடித்திருக்கும். பறவையா? பறவைக்குச் சாக்கு ஏது?

முதலில் நாஜியேவின் கண்ணை மறைக்க வேண்டும். ரெஃபிக் வீட்டுக்குள் ஓடிப் படுக்கை விரிப்பை உருவி, தண்ணீரில் முக்கி, புதருக்கு முன்னாலிருந்த கொடியில் விரித்துக் கட்டினார். புதர் மறைந்தது. திரும்பினால் நாஜியே நிற்கிறாள்.

"நீங்களா துவைச்சீங்க?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

அவள் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் தோணிச்சாக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், ஜன்னல் திரைகள் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் பின்னால் மேசை விரிப்புகள் வந்தன. அதன் பின்னால் கம்பளம் வந்தது. ரெஃபிக் கம்பளத்தை மிதித்துத் துவைத்து முடித்தபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது, இடுப்பு போய்விட்டது.

"தேநீர் குடிச்சிட்டு மெத்தை உறையப் பாக்கலாம்," என்றாள் நாஜியே.

"கடைவீதில ஒரு வேலை இருக்கு," என்று ரெஃபிக் ஓடினார்.

கடைவீதியில் ஹேசலை எடைபோட்டு வாங்கும் தராசுக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க வாங்க. எத்தன மூட்டை கொண்டு வந்திருக்கீங்க?"

"கொண்டு வரல. வாங்கலாம்னு வந்தேன்."

"வாங்கவா?" கடைக்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊரில் ஹேசல் வாங்கப் போனவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எல்லோரும் விற்கும் காலம் அது.

"ஒரு குண்டான் அளவுக்குப் போதும். பச்சை மடலோட. உருண்டைச் சாதி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா' கெடுத்தது. அரசாங்கம் இந்த வருஷத்து விலையை இன்னும் அறிவிக்கவில்லை. ஊரே அதற்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தது. தபால் அலுவலகத்தில் இருந்தவர். தலைநகரத்துச் சேதி யாருக்கு முதலில் வரும்? அவர் போய் எதற்காகக் கொட்டை வாங்குகிறார்? ரெஃபிக் அடுத்த கடைக்கு நடந்து சேருவதற்குள் சேதி அவரை முந்திவிட்டது.

"விக்கிறதுக்கில்ல," என்றார் அடுத்த கடைக்காரர், பாதிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே. "நீங்களே வாங்குறீங்கன்னா நாங்க ஏன் விக்கணும்?"

மூட்டைகளோடு மலையிலிருந்து இறங்கிய டிராக்டர் ஒன்று அப்படியே வட்டமடித்துத் திரும்பி மேலேறியது. அதை ஓட்டியவர் ரெஃபிக்கின் பக்கம் குனிந்து, "அண்ணே, எவ்வளவு ஏறும்? அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

"எது ஏறும்?"

"சரி, சொல்ல வேணாம். உங்க மூஞ்சியே சொல்லுது."

அந்த முகம் சொன்னது வேறு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊரில் ஒரு கொட்டை அசையவில்லை. வீட்டுக்கு வீடு முற்றத்தில் காய்ந்த கொட்டைகளையெல்லாம் அள்ளி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஹுலூசிகூடப் பாதி சவரத்தில் ஆளை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் மூட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.

நடுத்தெருவில் நின்ற ரெஃபிக்குக்கு அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. அறுவடை முடிந்த தோப்பில் சிந்திக் கிடப்பதை இல்லாதவர்கள் யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தன்னை விட இல்லாதவன் இன்று யார்? அதுவும் தன் புதரின் கொட்டை மாதிரியே கொட்டை வேண்டுமென்றால், அது பிறந்த தோப்புக்கே போக வேண்டும். அதாவது, ஜெவ்தத்தின் தோப்புக்கு.

தொப்பியைக் கண் வரை இறக்கி, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மலையேறினார். வழக்கத்தில் அவருக்குத் தெரிந்தது பாதிதான். முழுத் தோப்பும் பறித்து முடிந்த பிறகே பொறுக்க வரலாம் என்பது மீதிப் பாதி. குனிந்து நாலு கொட்டை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

"யோவ், யாருய்யா அது?"

கூலிக்காரர்களை மேய்க்கும் கங்காணி பஹ்ரி. இந்த அறுவடைக்குத்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தான். ரெஃபிக்கை முன்பின் பார்த்ததில்லை.

"காலையில வராம டிமிக்கி குடுத்த ஆளு நீதானா?"

இல்லை என்றால் திருடன். ரெஃபிக் தொப்பியை இன்னும் கீழே இறக்கிக்கொண்டார். "ஆமா, நான்தான்," என்றார்.

"மத்தியானத்துக்கு மேல வந்துட்டு மெதுவா நிக்கிறத பாரு. புடி கூடைய."

இடுப்பில் கூடை ஏறியது. எங்கள் மலைச்சரிவில் ஒரு காலை ஊன்றினால் மறு காலை எங்கே வைப்பது என்று தேட வேண்டும். கிளையை வளைத்து, கொத்தைக் கிள்ளி, கூடையில் போட்டு, நிரம்பியதும் சுமந்து போய்க் கொட்டிவிட்டு மறுபடி வர வேண்டும். காலையில் கம்பளம் மிதித்த கால்கள் சரிவில் வழுக்கின. பக்கத்தில் பறித்த பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். "தாத்தா, கிளையைப் புடிச்சுக்கிட்டுப் பறிக்கணும். கிளை உங்களப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

அந்த நேரம் பார்த்து ஜெவ்தத்தின் குரல் கேட்டது. ரெஃபிக் சட்டென்று புதருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"முதலாளி, கீழே ஒரே பரபரப்பா இருக்கு," என்றான் பஹ்ரி. "உங்க வீட்டு மாப்பிள்ளை கடைகடையா ஏறி ஹேசல் கேக்குறாராமே. விலை ஏறப் போகுதா?"

ஜெவ்தத் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "கேக்கட்டும்யா, நல்லா கேக்கட்டும்," என்று மீசையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

'பணக்காரத் திமிர்,' என்று இலைகளுக்குள்ளிருந்து ரெஃபிக் பல்லைக் கடித்தார். அதுவரை அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கூச்சமும் அந்தச் சிரிப்பில் போயிற்று.

சாயங்காலம் கடைசிக் கூடையைக் கொட்டகையில் கொட்டப் போனபோது, மூலையில் தனியாக ஒரு மூட்டை கண்ணில் பட்டது. மேலே கம்பளி போட்டு மூடியிருந்தது. ரெஃபிக் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பச்சை மடலோடு, உருண்டு திரண்ட கொட்டைகள். சரியாக ஒரு குண்டான் அளவு. அவர் புதரில் நின்ற அதே அழகு. ஜெவ்தத் தன் வீட்டுக்கென்று பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார், வேறென்ன.

பிறர் கடிதத்தை ஒருநாளும் பிரித்துப் படிக்காத மனிதர் ரெஃபிக். கை கூசியது. ஆனால் கண் முன்னால் நாஜியேவின் மண்வெட்டியும் கருங்கோஸ் நாற்றும் வந்து நின்றன. மூட்டை தோளில் ஏறியது.

வாசலில் பஹ்ரி. "எங்கய்யா தூக்கிட்டுப் போற?"

"முதலாளி கொண்டு வரச் சொன்னாரு."

"அந்த மூலை மூட்டையா?"

"ஆமா."

"அப்ப சரி. பத்திரமா கொண்டுபோ. அது மேல அவருக்குத் தனி அக்கறை."

மறுநாள் தொழுகை முடிந்து ஜெவ்தத் வந்தபோது மீசைக்கு எண்ணெய் போட்டு வாரியிருந்தது. தோளில் சொந்த மண்வெட்டி. பின்னாலேயே சாட்சி ஹுலூசி, வழக்கப்படி சவரப் பெட்டியோடு.

"மண்வெட்டி எதுக்குண்ணே?" என்றாள் நாஜியே.

"உனக்குப் புதர் தோண்டிக் குடுக்கத்தான். தங்கச்சி கஷ்டப்படக் கூடாதுல்ல. எங்க மாப்ள, உங்க குண்டான்?"

ரெஃபிக் கொடியிலிருந்த விரிப்பை விலக்கினார். புதரடியில் செம்புக் குண்டான், கோபுரமாகக் கொட்டை.

ஜெவ்தத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. குண்டானைப் பார்த்தார். புதரைப் பார்த்தார். மறுபடி குண்டானைப் பார்த்தார். தோளிலிருந்து மண்வெட்டி வழுக்கிக் காலில் விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இது இந்தப் புதர்க் காய் இல்ல," என்றார்.

ரெஃபிக் குண்டானுக்கு முன்னால் வந்து நின்றார். "எப்படிச் சொல்றீங்க மச்சான்?"

ஜெவ்தத் மீசையை ஒரு முறை இழுத்துவிட்டார். "எப்படின்னா… இருக்க முடியாது."

"ஏன் இருக்க முடியாது?" நாஜியே இடுப்பில் கை வைத்தாள். "நீ குடுத்த கன்னுதான? உன் தோப்புக் காய் மாதிரிதான இருக்கும்?"

"அது சரி, ஆனா…"

"ஆனா என்ன?"

"ஒண்ணுமில்ல," என்றார் ஜெவ்தத். அந்த மனிதர் அவ்வளவு மெல்லப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

தன் குட்டு வெளிப்படாததில் ரெஃபிக்குக்குத் தைரியம் வந்தது. "சந்தேகம் இருந்தா சொல்லிடுங்க மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க."

"எனக்கென்ன சந்தேகம். உங்களுக்கு இல்லாத சந்தேகமா எனக்கு," என்றார் ஜெவ்தத் பல்லிடுக்கில்.

ஹுலூசி குண்டானுக்குள் கை விட்டு அடிவரை நிரம்பியிருக்கிறதா என்று துழாவினார். சாட்சி என்றால் சும்மாவா. வெளியே வந்த கையில் நீல நிறத் துணிக் கிளிப் ஒன்று இருந்தது.

"அட, என் கிளிப்பு," என்றாள் நாஜியே. "கொடியில ஒண்ணு குறையுதேன்னு தேடிக்கிட்டிருந்தேன். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்ணே? புதர் கொடிக்குப் பக்கத்துலதான இருக்கு."

ரெஃபிக்குக்கே ஆச்சரியம். கொட்டையைக் கொட்டும்போது கொடியிலிருந்து விழுந்திருக்கும் போல. கடவுளே தன் கட்சி என்று நினைத்துக்கொண்டார். ஜெவ்தத் அந்தக் கிளிப்பைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"எடுங்க," என்றார்.

முற்றத்துச் சுவர்மேல் அதற்குள் அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்துவிட்டன. ஹுலூசி நுரை போட்டார். அப்பேர்ப்பட்ட மீசையைத் தொட அவருக்கு வாழ்நாளில் வாய்ப்புக் கிடைத்ததில்லை. இடது பக்கம் போயிற்று. சுவர்மேல் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நாஜியே கருங்கோஸ் நாற்றுத் தட்டை எடுத்துக் கொண்டுபோய் வேலிப் பக்கம் வைத்துவிட்டு வந்து, கணவரின் தோளில் கை வைத்தாள். "நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க," என்றாள். இத்தனை வருஷத்தில் ரெஃபிக் கேட்காத வார்த்தை. ஆனந்தமும் குற்றவுணர்ச்சியும் சேர்ந்து அவருக்கு மூக்கு அடைத்தது. 'இன்று இரவே அவளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லை, நாளைக்கு. அடுத்த பெருநாளுக்குப் பிறகு சொல்லலாம்.'

வாசலில் மூச்சிரைக்க ஒரு ஆள் வந்து நின்றான். பஹ்ரி.

"முதலாளி இங்க இருக்காருன்னு சொன்னாங்க," என்றான். "ஒரு மூட்டையக் காணோம் முதலாளி. நேத்து உங்க வீட்டுக்குன்னு ஒருத்தன் தூக்கிட்டுப் போனான். காலையில வீட்டம்மாகிட்ட கேட்டா, வரவே இல்லங்கறாங்க."

ரெஃபிக் மெல்லப் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நகர்ந்தார்.

ஜெவ்தத் பாதி மீசையோடு நாற்காலியில் துள்ளினார். "அப்புறம் பேசலாம். நீ தோப்புக்குப் போ."

"இல்ல முதலாளி, என் பொறுப்புல இருந்த மூட்டை."

"போடான்னா."

"ஏண்ணே அவன விரட்டுற?" என்றாள் நாஜியே. "பாவம், ஓடி வந்திருக்கான். என்ன மூட்டைப்பா அது?"

காற்று வீசியது. விரிப்பு விலகியது. பஹ்ரி அதற்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான், குண்டானைப் பார்த்தான், முகம் மலர நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான்.

"இந்த ஆளுதாங்க முதலாளி. புதன்கிழமை சாயங்காலம் உங்க மாப்பிள்ளை தோட்டத்துல நீங்க உங்க கையாலயே பறிச்சுட்டு வந்து, வெள்ளிக்கிழமை தாண்டுற வரைக்கும் கம்பளி போட்டு மூடி வெக்கச் சொன்னீங்களே, அந்த மூட்டையத்தான் இவன் தூக்கிட்டு வந்துட்டான்."